கால் கிலோ காமிரா

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு ஒரு நாள் வரத்தான் போகிறது. ஆகையால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பின்போது தலைக்கு மேலே வண்டு மாதிரி ரீங்காரமிட்டுக்கொண்டு வட்டமடிக்கிறதே, அந்த டிரோன் காமிராவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அம்மா, ஊர் சுற்றப் போகும்போது நமக்கும் இப்படி ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்?" என்று உங்கள் பிள்ளையோ பெண்ணோ ஆரம்பிக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"இருக்கிற காமிராவையே தூசி தட்ட ஆளில்லை. இதில் பறக்கிற காமிரா வேறா?" என்று நான் சொல்லிவிட்டேன். அதோடு விஷயம் முடிந்திருக்கும். முடியாமல் போனதற்குக் காரணம் என் மாமியார்.

அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறதே கிளியனூர், அங்கேதான் வாசம். சென்னைக்கு வரச்சொன்னால் வரமாட்டார். ஆனால் அவர் பிறந்தது கிளியனூரில் அல்ல. கிழக்கே, மரக்காணத்து உப்பளத்து ஓரம். பன்னிரண்டு வயதிலிருந்து கல்யாணமாகும்வரை உப்புப் பாத்தியில் வேலை செய்தவர். இப்போது முழங்கால் இரண்டும் மறுத்துவிட்டன. கார் போகிற சாலையிலிருந்து அவருடைய பாத்தி இருந்த இடம் தெரியாது. அதற்கு வரப்பு வரப்பாக நடக்க வேண்டும்.

"ஒருக்கா அந்தப் பாத்தியப் பார்த்துட்டா போதும்மா" என்று அவர் போன தீபாவளிக்குச் சொன்னார். என் பிள்ளை என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவ்வளவுதான், டிரோன் வாங்குவதென்று தீர்மானமாகிவிட்டது.

முதலில் நான் செய்த அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் பளபளவென்று பெட்டி. பெட்டியின் மேல் ‘4கே’ என்று கொட்டை எழுத்து. விலை நாலாயிரம் ரூபாய். மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவந்தோம். மொட்டை மாடியில் ஏற்றினோம். ஏறியது வாஸ்தவம். நிற்கத்தான் தெரியவில்லை. காற்று அடித்த பக்கமெல்லாம் போய், அடுத்த வீட்டு முருங்கை மரத்தில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த வீட்டம்மாள் துரட்டி கொடுத்து உதவினார். கூடவே நாலு முருங்கைக்காயும் கொடுத்தார். எடுத்த படமோ, ஜுரத்தில் நடுங்குகிறவன் எடுத்த மாதிரி.

அப்புறம்தான் பிள்ளையும் நானும் உட்கார்ந்து படித்தோம். நிஜமான காமிரா டிரோனுக்கு மூன்று லட்சணங்கள் வேண்டும். முதலாவது, செயற்கைக்கோளைப் பார்த்துத் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும் ஜி.பி.எஸ். அது இருந்தால் கையை எடுத்தாலும் நின்ற இடத்தில் நிற்கும். சிக்னல் அறுந்தாலோ பாட்டரி தீர்ந்துகொண்டு வந்தாலோ கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பிவிடும். இரண்டாவது, ‘கிம்பல்’ என்ற ஏற்பாடு. இடுப்பில் நிறைகுடத்தோடு நடக்கிற பெண் உடம்பு அசைந்தாலும் தண்ணீரை அலம்பவிடுவதில்லை அல்லவா? அந்த வேலையை இது காமிராவுக்குச் செய்கிறது. டிரோன் காற்றில் சாய்ந்தாலும் காமிரா சாயாது. மூன்று திசையிலும் அசைந்து கொடுக்கும் கிம்பல்தான் உத்தமம். இந்த இரண்டும் இல்லாமல் ‘4கே’ மட்டும் இருந்தால், அது சர்க்கரையில்லாத பாயசம்.

மூன்றாவது லட்சணம் எடை. இங்கேதான் நாம் சமையலறை அறிவை உபயோகிக்க வேண்டும்.

நம் தேசத்தில் 2021 ஆகஸ்டில் டிரோன் விதிகள் என்று ஒன்று வந்தது. அதன்படி 250 கிராம் வரை ‘நானோ’. அதற்கு மேல் இரண்டு கிலோ வரை ‘மைக்ரோ’. சொந்த சந்தோஷத்துக்கு மட்டும் பறக்கவிடுவதானால் இரண்டுக்குமே ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம். ஆனால் பிறருக்கு நஷ்டம் நேர்ந்தால் ஈடுகட்டும் இன்ஷூரன்ஸிலிருந்து நானோவுக்குத்தான் விலக்கு. டிரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண் வாங்கவேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு.

250 கிராம் என்றால் என்ன? கால் கிலோ துவரம்பருப்பு. அதனால்தான் 2019 அக்டோபரில் சீனத்து டி.ஜே.ஐ. கம்பெனி ‘மேவிக் மினி’ என்ற டிரோனை 249 கிராமில் செய்து கொண்டுவந்தது. பல தேசங்களில் கால் கிலோதான் எல்லைக்கோடு. அந்தக் கோட்டுக்கு ஒரே ஒரு கிராம் இந்தப் பக்கம்! ஜப்பானில் அப்போது எல்லை 200 கிராம். ஆகவே ஜப்பானுக்கென்று பாட்டரியைச் சிறிதாக்கி 199 கிராமில் தனியாக ஒன்று செய்தார்கள். வியாபாரிக்கு எடைக்கல்லின் சூட்சுமம் எங்கும் ஒன்றுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இறக்கையைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம், அழகுக்கு ஒரு ஸ்டிக்கர், பெரிய பாட்டரி என்று எதைச் சேர்த்தாலும் அந்த ஒரு கிராம் பறந்துவிடும். நான் சமையலறைத் தராசில் வைத்தே பார்த்துவிட்டேன்.

எடை குறைவில் இன்னொரு சௌகரியமும் உண்டு. மடித்தால் மூக்குக் கண்ணாடிக் கூட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. கைப்பையில், வெற்றிலைப் பெட்டி வைக்கிற இடத்தில் வைத்துவிடலாம். பிரயாணத்துக்கு இதுதான் முக்கியம். கனமான காமிரா பீரோவில் இருக்கும்; லேசான காமிராதான் கூட வரும். விமானத்தில் போவதானால் உபரி பாட்டரிகளைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது, கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லிதியம் பாட்டரி தீப்பிடித்தால், ஆட்கள் இருக்கிற இடத்தில்தான் அணைக்க முடியும்.

சிங்கப்பூரிலிருக்கும் என் தங்கை மகன் போன் செய்தான். "பெரியம்மா, இங்கே நல்ல டிரோன் கிடைக்குது. வரும்போது வாங்கிட்டு வரட்டுமா?" என்றான். வாய் வரைக்கும் ‘சரி’ வந்துவிட்டது. நல்லவேளை, பிள்ளை தடுத்தான். 2022 பிப்ரவரி 9-ந் தேதியிலிருந்து வெளிநாட்டு டிரோன்களை நம் தேசத்துக்குள் கொண்டுவரத் தடை. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகிய காரியங்களுக்கு மட்டும் விலக்கு. உள்நாட்டில் செய்கிறவர்கள் தழைக்க வேண்டும் என்று போட்ட தடை. உதிரி பாகங்கள் வரலாம்; முழு டிரோன் வரக்கூடாது. அன்பாக வாங்கிவந்த பரிசைச் சுங்க அதிகாரியின் மேஜையில் விட்டுவிட்டு வருவதைவிட, அவனை ஒரு டப்பா பிஸ்கோத்து வாங்கிவரச் சொல்வது மேல் அல்லவா?

இரண்டு கடைகளில் விசாரித்தேன். டிரோன் இருந்தது, ரசீது இல்லை. "பில் எதுக்கும்மா? சாமான் நல்லாருக்கு பாருங்க" என்றார்கள். ரசீது இல்லாத நகையை வாங்குவேனா? வந்துவிட்டேன். கடைசியில் ஒரு புகைப்படக்காரர், தடை வருவதற்கு முன்பே முறையாக வாங்கிய 249 கிராம் டிரோனை, ரசீதும் பதிவுக் காகிதமுமாகப் பழைய விலைக்குக் கொடுத்தார். பதிவை எங்கள் பேருக்கு மாற்றிக்கொண்டோம். பழையது வாங்குகிறவர்கள் பாட்டரியை முதலில் பாருங்கள். பொரித்த அப்பளம் மாதிரி கொஞ்சம் உப்பியிருந்தாலும் கையால் தொடாதீர்கள்.

ஆகாயத்திலிருந்து படம் எடுக்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1907-ல் ஜெர்மனியில் யூலியஸ் நொய்ப்ரோனர் என்ற மருந்துக் கடைக்காரர், மருந்து கொண்டுபோகப் பழக்கியிருந்த புறாக்களின் மார்பில் குட்டிக் காமிராவைக் கட்டிப் பறக்கவிட்டார். அதன் எடையும் கிராம் கணக்குத்தான். புறா பாவம், தூக்கவேண்டுமே! அவருக்கும் நமக்கும் பிரச்னை ஒன்றுதான் பாருங்கள்.

சாமான் வந்தாயிற்று. இனி எங்கே பறக்கலாம் என்ற கேள்வி. இதை வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். நான் பின்பு கேட்டேன். அரசாங்கம் தேசப்படத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வைத்திருக்கிறது. பச்சையில் 400 அடி உயரம் வரை அனுமதி கேட்கவேண்டாம். 400 அடி என்றால் சாமானியமா? சென்னை மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டிடம் 177 அடி. அப்படி இரண்டை ஒன்றின் மேல் ஒன்று நிறுத்தினாலும் எட்டாது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மஞ்சள். முன் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய சர்க்கார் அனுமதி இல்லாமல் கூடாது.

எங்கள் பக்கத்துச் சமாசாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்கு உல்லாசமாகப் போகலாம். அங்கே லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது, வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடக் கூடாது. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. மேலிருந்து பார்க்கக் கொள்ளை அழகுதான். ஆனால் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். கிளியனூருக்கும் கடலுக்கும் நடுவே கழுவேலி ஏரி இருக்கிறது. பழவேற்காட்டுக்கு அடுத்தபடி தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரப்பு. பூநாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்கும். 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாக்கிவிட்டார்கள். வனத்துறை அனுமதியில்லாமல் அதன் மேலே டிரோன் போகக்கூடாது. போகவும் வேண்டாம் என்பேன். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து இளைப்பாறுகிற பறவையை நம்முடைய ஒரு நிமிஷப் படத்துக்காகக் கிளப்பிவிடுவது, விருந்தாளியைப் பந்தியிலிருந்து எழுப்புவது போல.

ஆகையால் சரணாலயத்து எல்லையை விட்டு விலகி, வரைபடத்தில் பச்சையாக இருந்த உப்பளப் பகுதியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். முதல் நாளே பிள்ளை போய், அங்கிருந்த மேஸ்திரியிடம் அனுமதியும் கேட்டு வந்துவிட்டான்.

மாசி மாதம். விடியற்காலை கிளம்பினோம். காலையில் போவதற்கு ஒரு காரணம் உண்டு. வெயில் ஏறினால் கடற்காற்று கிளம்பிவிடும். கால் கிலோ வஸ்து காற்றில் போராடினால் பாட்டரி தின்னும். பெட்டியில் அரை மணி நேரம் பறக்கும் என்று போட்டிருந்தால், இருபது நிமிஷம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் திரும்பி வருவதற்கு மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிவிடுங்கள். மாதச் சம்பளத்தை நிர்வாகம் செய்கிற நமக்கு இதெல்லாம் சொல்லித் தரவேண்டுமா என்ன!

அத்தையைக் காரில் உட்காரவைத்து, கையில் காப்பிக் கூஜாவைக் கொடுத்தோம். வரப்பில் கோரைப்பாயை விரித்து அதன் மேலிருந்து டிரோனைக் கிளப்பினோம். வெறும் தரையில் வைத்தால் இறக்கைக் காற்றில் உப்புத்தூள் எழும்பி மோட்டாருக்குள் போகும். உப்பு இரும்பைத் தின்னும் என்று நமக்குத் தெரியாதா? இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். பாத்தித் தண்ணீர் கண்ணாடி மாதிரி. டிரோன் தன் வயிற்றிலிருக்கும் கண்ணால் தரையைப் பார்த்துத்தான் தாழப் பறக்கும்போது நிதானிக்கிறது. கண்ணாடித் தண்ணீரின் மேல் அதற்கு மயக்கம் வந்துவிடும். ஆகவே நல்ல உயரத்திலேயே வைத்தோம்.

அடடா, அந்தக் காட்சி! கடலோரத்து உவர்நீரை முதலில் பெரிய பாத்தியில் தேக்குகிறார்கள். வெயிலில் சுண்டச் சுண்ட அதைச் சிறிய பாத்திக்கு மாற்றுகிறார்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிறம். பச்சை, சாம்பல், இளஞ்சிவப்பு, கடைசியில் வெள்ளை. மேலிருந்து பார்த்தால் கட்டம் போட்ட சுங்கடிச் சேலையை உலர்த்தியது போலிருந்தது. ஓரங்களில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்.

பாத்தியில் மூன்று பெண்கள் மரப்பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை டிரோனை அவர்கள் பக்கம் கொண்டுபோனான். "அம்மா, இதுதான் ஷாட்!" என்றான். நானும் சந்தோஷமாகத் திரையைப் பார்த்தேன். திரையில் ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று தூக்கிச் செருகியிருந்த சேலையை இழுத்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்துக் கையை வீசினாள்.

எனக்குச் சொரேரென்றது. "இறக்குடா" என்றேன். வரப்பில் நடந்து போனேன். காலில் உப்பு குத்தியது. செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு என் வயதிருக்கும்.

"மன்னிச்சுக்கோம்மா. மேஸ்திரிகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தோம்" என்றேன்.

"மேஸ்திரியையா படம் புடிச்சீங்க?" என்றாள் அவள்.

நான் பதில் சொல்லவில்லை. என்ன பதில் இருக்கிறது?

"சேலையைச் செருகிக்கினு சேத்துல நிக்கிறோம். தலைக்கு மேல வண்டு மாதிரி ஒண்ணு வந்து நிக்குது. எவன் பாக்குறான், எங்க உக்காந்து பாக்குறான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க வூட்டுக் கொல்லைல இப்படி வந்து நின்னா சும்மா இருப்பீங்களா?"

முருங்கை மரத்தில் உட்கார்ந்த டிரோன் என் நினைவுக்கு வந்தது. அடுத்த வீட்டம்மாள் அன்று துணி உலர்த்திக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே துரட்டி கொடுத்தார் என்று எழுதினேன் அல்லவா? உள்ளுக்குள் அவர் என்ன நினைத்தாரோ!

பிள்ளையைக் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணின் கண்ணெதிரே அந்தப் படத்தை அழித்தான். தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்க அக்கா" என்றான். அப்புறம் காரில் இருக்கிற அத்தையைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். அவள் கண்மேல் கையை வைத்து அந்தப் பக்கம் சற்று நேரம் பார்த்தாள்.

"பாத்தியில இருந்த அம்மாவா? அப்பச் சரி. இன்னும் செத்த நேரத்துல நாங்க டீ குடிக்கப் போவோம். அப்ப எடுத்துக்கங்க" என்றாள்.

காத்திருந்தோம். அவர்கள் கரையேறியதும் மறுபடி ஏற்றினோம். பன்னிரண்டு நிமிஷம். போதுமானதாக இருந்தது. இறக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உப்புத்தூளைத் தட்டி, உறையில் போட்டோம்.

அத்தையின் மடியில் திரையை வைத்தான் பிள்ளை. கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். விரலால் வரப்பைத் தொட்டுத் தொட்டுக்கொண்டு போனார். "இது வாய்க்கா... இப்படித் திரும்பினா பனைமரம்... அதோ! அந்த மூலைதான்டா எங்க பாத்தி."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"மேலேருந்து பார்த்தா இம்மாம் அழகா இருக்குது. நின்ன காலத்துல தெரியல. வெள்ளை வெளேர்னு கண்ணு கூசும், குனிஞ்ச தலை நிமிர்த்த மாட்டோம்." பிறகு திரையை இன்னும் கிட்டே கொண்டுபோய்த் தேடினார். "ஏண்டா, பாத்தியில ஆளையே காணோம்?"

"அவங்க வேணாம்னு சொன்னாங்க ஆயா. அதான் அவங்க போனப்புறம் எடுத்தோம்."

அத்தை அவனை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டியா?"

"முதல்ல கேக்கல. அப்புறம் கேட்டேன்."

"எங்க காலத்துல கார்ல வந்து படம் புடிச்சவன் ஒருத்தன் கேட்டதில்ல" என்றார் அத்தை. காப்பியை ஆற்றி முதல் வாயை அவனுக்குக் கொடுத்தார்.

ஊர் திரும்பும் வழியில் வயலில் ஒரு பெரிய டிரோன் மருந்து தெளித்துக்கொண்டிருந்தது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000-க்கு இப்படி விவசாய டிரோன் கொடுக்க 2023 நவம்பரில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் தந்த செய்தியைப் பிள்ளை சொன்னான். "பொம்பளைங்களே ஓட்டுறாங்களா?" என்று அத்தை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆகவே, சகோதரிகளே, உங்கள் வீட்டில் பேச்சு வரும்போது சொல்லுங்கள்: கால் கிலோவுக்குள் இருக்கட்டும், ஜி.பி.எஸ். இருக்கட்டும், கிம்பல் இருக்கட்டும், ரசீது கட்டாயம் இருக்கட்டும். வரைபடத்தைப் பார்த்து, காற்றைப் பார்த்து, பாட்டரியைப் பார்த்துக் கிளப்பட்டும். இதெல்லாம் பெட்டியிலும் விதியிலும் எழுதியிருக்கிறது. எழுதாத ஒன்று, கீழே நிற்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்பது. மேஸ்திரியை அல்ல, அவர்களை.

சென்னை திரும்பியதும் நான் முதலில் செய்த காரியம், அடுத்த வீட்டம்மாளிடம் போனது. "அன்னிக்கு உங்க வீட்டுப் பக்கம் வந்துதே, அதில் எடுத்ததையெல்லாம் அழிச்சாச்சு மாமி" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "கேட்கலாமா வேண்டாமான்னு ரெண்டு மாசமா நினைச்சுண்டிருந்தேன்" என்றார்.